பாவாவின் பந்து விழுந்த இடம்

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு அன்று எரியவில்லை. எரிந்திருந்தால் எனக்கு விஷயம் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகியிருக்கும். அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்து போயிருக்கும்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் பத்திர எழுத்தர். திருத்தணியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஊரைத் தாண்டித் திருப்பதி சாலையில் மனைப்பிரிவு போட்ட ஒருவர், மனை பார்க்க வருகிறவர்கள் நின்று ரசிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று நடுவில் ஒன்பது குழிகள் கொண்ட சின்ன கோல்ஃப் மைதானம் ஒன்றை அமைத்தார். பெரிய நகரங்களில் இருக்கும் மைதானத்தில் கால் பங்குகூட வராது. அடிக்கும் இடத்திலிருந்து குழி வரை மிக அதிகமான தூரமே தொண்ணூறு கெஜம்தான். நானே டேப் பிடித்து அளந்திருக்கிறேன். பகல் வெயிலில் யார் ஆடுவார்கள்? எட்டுக் கம்பங்கள் நட்டு, ஃபோகஸ் லைட் போட்டு, மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பொதுமக்கள் யாரும் வந்து ஆடலாம் என்று வாசலில் பலகை வைத்தார். மனைகள் பாதிகூட விற்கவில்லை. புல் மட்டும் நன்றாக வளர்ந்தது. விற்ற மனைகளுக்கெல்லாம் பத்திரம் எழுதியவன் என்பதால், இரண்டு பேர் கட்டணமில்லாமல் ஆடும்படி எனக்கு ஓர் அட்டை கொடுத்தார்.

இரண்டாவது ஆளாக என் அக்காவின் கணவரை அழைத்துப் போனேன். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன்; ஆந்திர எல்லையோரம் என்பதால் எங்கள் குடும்பங்களில் அந்தச் சொல்தான் புழக்கம். பாவாவுக்கு ஐம்பத்தாறு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள்.

"கோலி ஆடறத்துக்கு இவ்ளோ பெரிய லைட்டா மச்சான்?" என்றார் முதல் நாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "உங்க ஆளு மனை விக்கறானா, சாமி ஊர்வலம் உட்றானா?"

ஆனால் மட்டையைக் கையில் வாங்கி, ரப்பர் பாயின் மேல் பந்தை விரலால் தடவி நிறுத்தி, அவர் அடித்த முதல் அடியே கொடியைத் தாண்டிப் போனது. இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த தோள்கள். நான் அடித்தது எட்டு கெஜம் உருண்டது. அன்றிலிருந்து புதன்கிழமை தவறியதே இல்லை. மாசிக் கடைசியில் ஆரம்பித்தோம். ஆனிக் கடைசிவரை எந்தக் குழிக்கு யார் எத்தனை அடி என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் அக்காவின் கணவரும் மனைவியின் தம்பியும் ஒருவரை ஒருவர் சீண்டாமல் பேசினால், இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் பாவா பேசுவதில் எது நிஜம், எது கிண்டல் என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறை அடித்த பிறகும், "எங்க போச்சு மச்சான்? உங்க ஊட்டுக்கா?" என்பார். நானும் விடாமல் பத்திரத்தில் எல்லை எழுதுகிற மாதிரியே சொல்வேன்.

"மணல் பள்ளத்துக்கு வடக்கு, கொடிக்குக் கிழக்கு, வேப்பங்கன்றுக்கு மேற்கு. இதன் மத்தியில் பாவா."

"கொடிலேர்ந்து எத்தினி அடி?"

"பதினோரு அடி."

"இரு, கையெழுத்து போட்டுட்டு வரேன்" என்று நேராக நடந்து போவார். போய்க் குனிந்தால் பந்து அங்கே இருக்கும். பக்கத்தில் ஆடுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரு நாளும் என் அளவு ஓரடிக்கு மேல் தவறியதில்லை.

அந்த ஆனிக் கடைசிப் புதனன்று, ஏழாவது குழிக்கு அடிக்கும்போது, என் செருப்பில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது. உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். மட்டை பந்தில் படும் சத்தம் கேட்டது. சுத்தமான அடி.

"எங்க போச்சு மச்சான்? உங்க ஊட்டுக்கா?"

"பார்க்கலை பாவா. முள்ளு. நீங்களே பாருங்க."

அவர் சிரித்தார். ஆனால் நகரவில்லை. நான் முள்ளை எடுத்துப் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு மெதுவாக நடந்தார். நான் நாலடி பின்னால் போனேன். எரியாத கம்பத்தின் அருகே வெளிச்சம் குறைவுதான், ஆனால் கும்மிருட்டு இல்லை. அடுத்த கம்பத்தின் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பந்து வெள்ளையாகத் தெரிந்தது. பாவாவின் இடது காலுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில். அவர் அதைத் தாண்டிப் போனார். நின்றார். நெற்றியில் கையை வைத்து விளக்கு எரிகிற பக்கம் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க அக்கா வாய வெச்சா மாதிரியே ஆச்சு பாரு. காணாம போச்சு" என்றார்.

நான் பந்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். எங்கே கிடந்தது என்று அவர் கேட்கவில்லை.

எட்டாவது குழியில் நான் செய்ததைச் சொல்லவேண்டும். அங்கே எல்லா விளக்கும் எரிந்தன. பாவா அடித்த பந்து கொடிக்குக் கிழக்கே ஆறடியில் நின்றதை நான் தெளிவாகப் பார்த்தேன். வழக்கம்போல எங்கே என்று கேட்டார். "கொடிக்கு மேற்கு பாவா, பத்தடி" என்றேன். அவர் தலையை லேசாகச் சாய்த்தார். பிறகு மேற்கே பத்தடி எண்ணி நடந்து, குனிந்து, புல்லை மட்டையால் துழாவினார். பந்து அவருக்குப் பின்னால் பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் கிடந்தது. இருபத்தாறு வருடத்தில் ஓர் எல்லையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னது அன்றுதான்.

திரும்பும்போது வழக்கம்போல என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். "ஆறு நாளு நான் ஊரையே ஏத்திகினு போறேன், ஒரு நாளாச்சும் என்ன எவனாச்சும் ஏத்திகினு போகட்டும்" என்பது அவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லும் காரணம். அன்று என் தோளில் இருந்த அவர் கையின் கனம் தனியாகத் தெரிந்தது.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை போய்ப் பார்த்தேன். வேலையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தெற்கு என்று எழுதவேண்டிய இடத்தில் வடக்கு என்று எழுதிவிட்டேன், கட்சிக்காரரே சுட்டிக்காட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, ஆறே முக்கால் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினேன். பாவாவின் பஸ். இடது பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்தேன்.

"இன்னா மச்சான், பள்ளிப்பட்டுல எவன் நிலத்துக்குத் தகராறு?"

"ஒருத்தரைப் பார்க்கணும் பாவா."

"ஆங், போலாம் போலாம்."

அவர் ஓட்டுவதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்றுதான் முதல் கால் மணி நேரம் நினைத்தேன். வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் முன்பே கியர் இறங்கியது. வளைவுகளில் ஹாரன் சரியாக அடித்தது. ஊர் இருட்டிய பிறகுதான் கவனித்தேன். எதிரே லாரியோ காரோ முழு வெளிச்சத்தோடு வந்தால், அது கடந்துபோன பிறகு பஸ் நாலு நொடி தயங்கியது. நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் நாலு, அல்லது ஐந்து. இன்னொன்றும் கவனித்தேன். கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்ததும் பின்னால் போகவில்லை. முன் படிக்கட்டிலேயே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, எதிர்ல ரெண்டு கண்ணும் அவிஞ்சவன் வரான், லைட்ட எறக்க மாட்டான்... போய்ட்டான்... அண்ணே, எடது ஓரம் எங்க மாமியார் நடந்து போறாங்கோ, இடிச்சிராதீங்கோ, எனக்கு ஒரே மாமியார்... ஆங், தாண்டியாச்சு... அண்ணே, மாடு ஒண்ணு ஓட்டு கேட்டுகினு நிக்குது நடு ரோட்ல..."

பயணிகள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பொதட்டூர்பேட்டையில் ஏறிய நெசவுக்காரப் பெண்கள் இரண்டு பேர், இவர் பேச்சைக் கேட்கவே இந்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். இந்த மனிதரும் நான் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரே வித்தியாசம், நான் தெரியாமல் செய்தேன்.

பள்ளிப்பட்டில் பாவா முகம் கழுவப் போனதும் கண்டக்டரை டீக்கடைக்கு அழைத்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எவ்வளவு நாளா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போன கார்த்திகைலேர்ந்து சார். மொதல்ல மழைன்னாரு. அப்பால கண்ணாடி அழுக்குன்னாரு. நான் தினம் ரெண்டு வாட்டி கண்ணாடி தொடைக்கிறேன். பகல்ல ஒண்ணியும் இல்ல சார், நல்லா ஓட்றாரு. இருட்டிச்சினா தான்."

"முதலாளிகிட்ட சொல்லலையா?"

"ஓனரு கால்ல உயாத கொறையா கெஞ்சி எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தவரு சார் அவரு. நான் எந்த வாயால சொல்றது? நீங்க சொல்லுங்கோ. சொந்தம் நீங்க."

"சொந்தம்கறதாலதான் வாய் வரலை."

"வரவெச்சிகோங்க சார்" என்றார் அவர், தெருவைப் பார்த்துக்கொண்டு. "கிருத்திகைக்கு மூணு ராத்திரியும் ஸ்பெஷல் நம்ம வண்டிதான். ரோடு முழுக்கக் காவடி. அன்னிக்கு நான் எத்தினி மாமியாரச் சொல்றது?"

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் ஆந்திராப் பக்கமிருந்தும் ஜனங்கள் மஞ்சள் துணி கட்டி, பூக்காவடி தூக்கி, வெறுங்காலோடு சாலையோரமாகவே நடந்து வருவார்கள். இரவெல்லாம் வருவார்கள். கூட்டம் மிகுந்தால் ஓரம் போதாது, தார் சாலையிலேயே நடப்பார்கள். அவர்களுக்கு நடுவில்தான் சிறப்புப் பேருந்துகள் ஓடும்.

ஆடி பிறந்த உடனேயே முதல் கூட்டங்கள் நடக்க ஆரம்பித்துவிடும். அன்று திரும்பி வரும்போதே ஒரு கூட்டத்தைத் தாண்டினோம். கண்டக்டர் அப்போது பின்னால் ஒரு குடிகாரரிடம் சில்லறைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்து கடந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. என் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் துணி தெரிந்தது. காவடியின் ஓரம் பஸ்ஸின் தகரத்தில் உரசிக்கொண்டே போனது. அதில் கட்டியிருந்த சின்ன மணிகள் வரிசையாகத் தகரத்தில் தட்டிய சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், காவடிக்காரர் நின்றபடி கையை ஓங்கித் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவா முன்னால் பார்த்தபடியே ஓட்டினார். கண்டக்டர் ஓடிவந்து படிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு திருத்தணிவரை அவர் ஒரு கிண்டலும் பேசவில்லை. "எடது... ரைட்டு... ஆளு... போலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா வேலைக்குப் போயிருந்தார். அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவள் கோதுமை புடைத்துக்கொண்டே அவளாகவே ஆரம்பித்தாள்.

"உங்க பாவாவுக்குக் கோவம் ஜாஸ்தியாய்கினே போவுதுடா. தட்டுல பொரியல எப்பவும் வெக்கிற எடத்துல வெக்கலைன்னு நேத்து ஒரே கத்து. ஆனா கிருத்திகைன்னா மட்டும் கொழந்த மாதிரி ஆய்டறாரு. மாலை வாங்கி வெச்சிகிறாரு பாரு."

சாமி படத்துக்குக் கீழே புதுத் துளசி மாலையும் மஞ்சள் வேட்டியும் இருந்தன. பாவா காவடி எடுக்கிறவர் இல்லை. கல்யாணமான புதிதில் அக்காவுக்கு உடம்பு மிகவும் முடியாமல்போய்ப் பிழைத்து வந்தபோது, ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் மாலை போட்டு, மஞ்சள் கட்டி, செருப்பில்லாமல், பக்தர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவதாக வேண்டிக்கொண்டார். அதுதான் அவருக்குக் காவடி. ஒரு வருடமும் விட்டதில்லை. பிழைத்து வந்தவளிடமே போய் அதை நிறுத்தச் சொல்லு என்று எப்படிச் சொல்வது? காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் அப்பா இருந்தவரை பாவா எதிரில் குரலை உயர்த்தியதில்லை. வீட்டு மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் குறை சொல்வது இல்லை. கிண்டல் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். உண்மையாக ஒன்றைச் சொல்லத்தான் வழியில்லை. திங்கட்கிழமை பஸ் முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். என் பெயர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, கண்டக்டரைக் காப்பாற்றும் விதமாக இன்னொன்று. கையெழுத்தில்லாத காகிதத்தை நான் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போட்டதையும் கொடுக்க முடியவில்லை. மூன்றையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை எங்கே வைத்தேன் என்று அரை மணி நேரம் தேடினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

செவ்வாய் இரவு மழை பெய்தது. புதன்கிழமை மாலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போனோம். புல் ஈரமாக, மட்டை பட்ட இடமெல்லாம் தண்ணீர் தெறித்தது. விளக்குகளைச் சுற்றி ஈசல் மொய்த்தது. எரியாத விளக்கை மாற்றியிருந்தார்கள். மலைக்கோயில் பக்கம் மேகம் இருந்தது. வேறு யாரும் ஆட வரவில்லை. நான் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தேன்: இன்று எந்த இடத்தையும் சொல்வதில்லை.

முதல் குழி. பாவா அடித்தார்.

"எங்க போச்சு மச்சான்? உங்க ஊட்டுக்கா?"

"தெரியலை பாவா."

"இன்னாடா, இன்னிக்கும் முள்ளா?"

அவர் போய்த் தேடினார். கிடைக்கவில்லை. பையிலிருந்து வேறு பந்து எடுத்துக்கொண்டார். இரண்டாவது குழி, அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதில் அவர் கேள்வியை முடிக்கவில்லை. "எங்க..." என்று நிறுத்திக்கொண்டார். நான்காவது குழிக்கான ரப்பர் பாயின் மேல் வந்து நின்றதும் மட்டையை ஊன்றிக்கொண்டார்.

"நீ சொல்லாத வித்தைய எப்ப கத்துகின?"

"போன புதன்கிழமை."

"அப்பால பஸ்ல வந்தது?"

"அதுக்குத்தான்."

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் சிரிப்பார், ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "போன வாரம் எட்டாவதுல" என்றார் கடைசியில், "பந்து கெழக்கால உயுந்த மாதிரிதான் எனக்கு சத்தம் கேட்டுச்சு. நீ மேற்குன்ன. மச்சான் சொல்றானே, நம்ம காதுதான் தப்புன்னு போனேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான்தான் பொய் சொன்னேன் பாவா" என்றேன்.

"பத்திரம் எழுதறவன் பொய் சொல்ற அளவுக்கா ஆய்டிச்சு என் கண்ணு?"

"கிருத்திகைக்கு ஓட்டாதீங்க."

"அத்த சொல்றத்துக்கு நீ யாரு?" குரல் ஏறிவிட்டது. "பொண்ணு குடுத்த ஊட்ல பொறந்தவன் நீ. உங்க அப்பாவே எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. அந்த ரோட்ல எந்த எடத்துல கல்லு, எந்த எடத்துல பள்ளம்னு எனக்குத் தெரியும். கண்ண மூடிகினு ஓட்டுவேன் நான்."

"அதைத்தான் செஞ்சுகினு இருக்கீங்க. கல்லும் பள்ளமும் அங்கேயே இருக்கும் பாவா. நடந்து போறவங்க அங்கேயே இருக்கமாட்டாங்க."

என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. அவர் ஓரடி என்னை நோக்கி வைத்தார். பிறகு நின்று, குனிந்து பந்தை ரப்பர் பாயின் மேல் தடவி நிறுத்தினார்.

"சரி. ஒரே அடி. நீ வாயத் தொறக்காத. நானே அடிச்சி, நானே போய் எடுத்துகினு வரேன். எடுத்துட்டேன்னா, கிருத்திகை முடியறவரைக்கும் நீ எவன்கிட்டயும் மூச்சு உடக்கூடாது. உங்க அக்கா மேல ஆணை."

நான் தலையாட்டினேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது என்று பிறகு தோன்றி, "சரி" என்றேன்.

அடித்தார். நாலு மாதத்தில் நான் பார்த்த அடிகளில் அதுதான் சிறந்தது. பந்து உயரமாக எழும்பி, ஈசல் கூட்டத்தைத் தாண்டி, வெளிச்சத்தில் இறங்கி, ஒரே ஒரு முறை குதித்து, கொடியிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றது. பாவா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நடந்தார். உதடு அசைந்தது, அடி எண்ணுகிறார். பாதை சரியாகத்தான் இருந்தது. கொடிக்குப் பத்தடி முன்னால் வேகம் குறைந்தது. வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். அவர் எடுத்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"இதோ!" என்றார்.

குனிந்து, கையை நீட்டி, ஒரு வெள்ளையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய கையை என் பக்கம் நீட்டினார். "பாத்தியா மச்சான்?" என்று வெற்றியோடு கேட்டவரின் விரல்கள் அதற்குள்ளேயே மூடிக்கொண்டன. மழைக்கு முளைத்த காளான். கைக்குள் நசுங்கிப்போயிருந்தது.

அவர் கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொள்ளவில்லை. கம்பத்தின் மேல் பூச்சிகள் விளக்கில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பந்து எங்க மச்சான்?" என்றார். இந்த முறை அந்தக் கேள்வியோடு வேறு எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"கொடிக்குப் பக்கத்துல. ரெண்டடி. நீங்க அடிச்சதுலேயே நல்ல அடி இதுதான்."

"பொய் சொல்லாத."

"வந்து தொட்டுப் பாருங்க."

அவர் வரவில்லை. ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஓனருக்குப் போடு. மேலருந்து ரெண்டாவதோ மூணாவதோ. எனக்கு எழுத்து ஆடுது."

போட்டுக் கொடுத்தேன். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஓனரே, நான்தான்... இல்ல, வண்டி நல்லா கீது. கிருத்திகைக்கு வேற ஆளப் பாருங்கோ... இல்ல இல்ல, காய்ச்சல் இல்ல. கண்ணுல பூ உயுந்துகீது... ரெண்டு கண்ணும்... ஆங்... ஆங்... தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்டக்டரைப் பற்றி முதலாளி ஏதோ கேட்டிருக்கவேண்டும். "அவனுக்கு ஒண்ணியும் தெரியாது ஓனரே" என்றார்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வலது கண்ணுக்குக் கிருத்திகைக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. புரையை எடுத்தால் எவ்வளவு தெளியும், இரவில் பெரிய வண்டி ஓட்டலாமா என்பதையெல்லாம் எடுத்த பிறகுதான் சொல்லமுடியும் என்றார் டாக்டர். பாவா அந்தக் கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்தான். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்தும் அவளிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனேன் என்பதுதான் கோபம்.

கிருத்திகையன்று மாலை பாவா வீட்டில் இருக்க மறுத்துவிட்டார். மாலை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு என் ஸ்கூட்டரில் ஏறினார். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மஞ்சள், பூக்காவடி, சந்தனம் தடவிய மொட்டைத் தலைகள், மைக்கில் காணாமல்போனவர்களின் அறிவிப்பு. பாவாவின் பஸ் மூன்றாவது வரிசையில் நின்றது. பஸ்ஸின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே டிரைவர் ஜன்னலுக்குப் போனார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த புது டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது.

பாவா அண்ணாந்து நின்று சாலையைச் சொல்ல ஆரம்பித்தார். எந்த வளைவில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள், எங்கே ஜனங்கள் சாலையிலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொள்வார்கள், எந்தப் பாலத்தின் மேல் இரண்டு வண்டிகள் ஒன்றாகப் போகக்கூடாது. புது டிரைவர் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"சரி பெரியவரே, பாத்துக்கறேன். தள்ளி நில்லுங்க."

பஸ் கிளம்பியது. பாவா என் பக்கம் திரும்பினார். "பெரியவரேன்றான் மச்சான் என்ன."

"மாலை போட்டிருக்கீங்க இல்ல, மரியாதைக்குச் சொல்லியிருப்பான்."

"அதெல்லாம் இல்ல." சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டே நின்றார். "ரெண்டாவது கியர்லயே எவ்ளோ நேரம் இழுக்கறான் பாரு. ஆனா பரவால்ல. மெதுவாத்தான் போறான்."

ஒன்பது இருபதுக்குத் திரும்ப வேண்டிய வண்டி. ஒன்பது இருபதுக்கு வரவில்லை. ஒவ்வொரு பஸ் உள்ளே நுழையும்போதும் அவர் என் முழங்கையைத் தொட்டார், நான் பலகையைப் படித்து இல்லை என்றேன். ஒன்பதே முக்கால். அறிவிப்பு மைக்கில் எந்த ஊர்ப் பெயர் கேட்டாலும் கழுத்தை நீட்டினார். பக்கத்தில் ஒரு குடும்பம் பொட்டலம் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எங்களுக்கும் கொடுத்தார்கள். பாவா வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, நான் பலகையைப் படிக்கும் முன்பே, "நம்ம வண்டி" என்றார்.

ஜனங்கள் இரண்டு வாசலிலும் இறங்கினார்கள். கடைசியாகக் கண்டக்டர் இறங்கினார். சட்டை முழுக்க விபூதி. பாவாவைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"ஜனம் அண்ணே, தாங்கல. பொதட்டூர்பேட்டைல அரை மணி நேரம் நவுரவே உடல."

"யாருக்காச்சும் ஏதாச்சும்?"

"ஒண்ணியும் இல்லண்ணே. நான் பின்னால நின்னு டிக்கெட் போட்டுகினு வந்தேன்."

பாவா தலையாட்டினார். புளிசாதத்தை அப்போதுதான் வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கிவிட்டு, "அடுத்த ட்ரிப்பு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

"ரொம்பினா எடுத்துருவோம்ணே."

நான் வீட்டுக்குப் போகலாமா என்றேன். "நீ போ. நான் கொஞ்ச நேரம் நிக்கறேன்" என்றார், பஸ் நின்ற பக்கம் பார்த்தபடி. வண்டி நிரம்பிக் கிளம்பியது. நானும் போகவில்லை.